பியாட்ரிக்ஸ் பாட்டர் சொந்தக் காசில் புத்தகம் போட்டது உண்மையா? நானும் அப்படிச் செய்யலாமா?

தென்னாப்பிரிக்காவில் டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதியிருக்கும் சகோதரியின் கேள்வி மேலோட்டமாகப் பார்த்தால் வரலாற்றுக் கேள்வி. பீட்டர் என்ற முயலின் கதையை எழுதிய ஆங்கில எழுத்தாளர் பியாட்ரிக்ஸ் பாட்டரைப் பதிப்பகங்கள் எல்லாம் திருப்பி அனுப்பினவாம், அவர் கைக்காசைப் போட்டு அச்சடித்துப் பணக்காரர் ஆனாராம், பிறகு எழுத்தை விட்டுவிட்டு ஆடு வளர்க்கப் போனாராம், இதெல்லாம் நிஜமா என்று கேட்கிறார். ஆனால் கூடவே அவர் தந்திருக்கும் விவரங்களைப் படித்தால் மனத்தில் இருப்பது வேறு என்று தெரிகிறது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்காக அவரே எழுதி அவரே வரைந்த கதை ஒன்று கையில் இருக்கிறது. பாட்டி வீட்டுச் சமையலறைக்குள் ஜன்னல் வழியாக இறங்கி வாழைப்பழச் சீப்போடு ஓடும் குரங்கின் கதை, நாற்பது படங்கள். ஒரு பதிப்பகம் பார்த்துவிட்டு, கதையை மட்டும் ஆங்கிலத்தில் கொடுங்கள், படத்துக்கு எங்களிடம் ஆள் இருக்கிறார் என்று சொல்லிவிட்டது. சேமிப்பை எடுத்து ஆயிரம் பிரதி அடித்துவிடலாமா என்பதுதான் உண்மையான கேள்வி.

நான் டர்பனில் வண்ணம் பிரிப்பது, பிளேட் போடுவது என்று அச்சகத்திலேயே வேலைக்காலம் முழுவதையும் கழித்தவன். ஓய்வுக்குப் பிறகு தமிழ்ப் பள்ளிகளுக்குச் சின்னப் புத்தகங்கள் அடிக்க உதவுகிறேன். அதனால் என் பதில் ஓர் அச்சுக்காரனின் பதில். பாட்டரின் கதைகளுக்கு இலக்கியத்தில் என்ன இடம் என்பதைப் படித்தவர்கள் சொல்லட்டும். ஆனால் அவர் வாழ்க்கையை அச்சுக்காரன் கண்ணால் பார்த்தால், பலர் சொல்லாமல் விடும் ஒன்று பளிச்சென்று தெரியும். அவர் கதை எழுதிப் படம் வரைந்ததோடு நிற்கவில்லை. தாளின் அளவு, விலை, எத்தனை படம், எந்தப் பக்கத்தில் எது, எல்லாவற்றையும் தானே முடிவு செய்தார். உங்களுக்கு அவரிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது அதுதான், சொந்தக் காசு போட்ட விஷயம் அல்ல. ஆயிரம் பிரதி வேண்டாம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். காரணம் பின்னால் வரும்.

முதலில் உறுதியாகத் தெரிந்தவை. பாட்டர் 1866 ஜூலை 28-ல் லண்டன் கென்சிங்டனில் பிறந்தார். குடும்பச் சொத்து லங்காஷயர் பருத்தி வியாபாரத்தில் வந்தது, அப்பா வழக்கறிஞர். பள்ளிக்கு அனுப்பவில்லை, வீட்டுக்கே ஆசிரியைகள் வந்தார்கள். முயல், எலி, முள்ளெலி, வௌவால் என்று கிடைத்ததை எல்லாம் வளர்த்து, வரைந்துகொண்டே இருந்தார். ஓவியத்தில் அவருக்கு முதல் வருமானம் 1890-ல், வாழ்த்து அட்டை போடும் ஒரு நிறுவனம் முயல் படங்களை ஆறு பவுண்டுக்கு வாங்கியபோது வந்தது. ஆக, 36 வயதில் திடீரென்று முளைத்தவர் இல்லை. அதற்கு முன்பே பத்து வருடத்துக்கு மேல் படத்தைக் காசாக்க முயன்றுகொண்டிருந்தவர்.

முயல் கதை புத்தகமாகப் பிறக்கவில்லை, கடிதமாகப் பிறந்தது. அவருடைய பழைய ஆசிரியை ஆனி மூருக்குப் பிள்ளைகள் பலர். மூத்தவன் நோயல், ஐந்து வயதில் நோயில் படுத்திருந்தான். 1893 செப்டம்பர் 4-ல் ஸ்காட்லாந்தின் டங்கெல்டிலிருந்து அவனுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தவர், என்ன எழுதுவதென்று தெரியவில்லை, நான்கு முயல்களின் கதை சொல்கிறேன் என்று தொடங்கி, வரிகளுக்கு இடையிலேயே படம் போட்டுக்கொண்டு போனார். மறுநாள் அவன் தம்பிக்கு ஒரு தவளையின் கதை போனது. அந்தத் தவளை 1906-ல் தனிப் புத்தகமாக வந்தது. இதில் கவனிக்க வேண்டியது, கேட்கிறவன் யார் என்று அவருக்குத் தெரியும். படுக்கையில் கிடக்கும் ஒரே ஒரு பையன். எந்த வரியில் அவன் சிரிப்பான், எங்கே பயப்படுவான் என்பது தெரிந்து எழுதிய கதை. உங்களுக்கும் உங்கள் சனிக்கிழமை வகுப்பு இருக்கிறது. அதை விடப் பெரிய முதல் கிடையாது.

சில வருடம் கழித்து அந்தக் கடிதங்களைத் திரும்ப வாங்கிப் புத்தகமாக விரித்தார். பதிப்பகங்கள் திருப்பி அனுப்பியது உண்மை, குறைந்தது ஆறு என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கணக்கு. ஆனால் கதை பிடிக்காததால் மட்டும் திருப்பினார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். தகராறு அளவிலும் விலையிலும் இருந்தது. பெரிய புத்தகமாக, வண்ணத்தோடு, கூடுதல் விலையில் போட நினைத்தார்கள். பாட்டருக்குப் பிள்ளையின் கைக்கு அடங்கும் சின்னப் புத்தகம் வேண்டும். நோயலின் தங்கைக்கு எழுதிய கடிதத்தில் இதை வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார்: ஆறு ஷில்லிங்கில் ஒரு பெரிய புத்தகம் போடுவதை விட ஒரு ஷில்லிங்கில் இரண்டு மூன்று சின்னப் புத்தகம் போடலாம், ஏனென்றால் குட்டி முயல்களால் ஆறு ஷில்லிங் கொடுத்து வாங்க முடியாது என்று. வாங்குகிறவர் சட்டைப்பையை நினைத்துப் புத்தகத்தின் அளவை முடிவு செய்த எழுத்தாளர்கள் மிகக் குறைவு. எனக்கு அவர் மேல் மதிப்பு வந்த இடம் அதுதான்.

1901 டிசம்பரில் அவர் சொந்தச் செலவில் அடித்தது 250 பிரதி. உள்ளே கறுப்பு வெள்ளைக் கோட்டோவியங்கள், முகப்பில் மட்டும் ஒரு வண்ணப்படம். தெரிந்தவர்களுக்குக் கொடுத்தார், மீதியை விற்றார். சீக்கிரமே தீர்ந்தது, 1902 பிப்ரவரியில் இன்னும் 200 அடித்தார். இங்கேதான் பிரபலமான கதை தடம் மாறுகிறது. அந்த 450 பிரதிகள் அவரைப் பணக்காரர் ஆக்கவில்லை. அதே சமயத்தில் ஃப்ரெடரிக் வார்ன் பதிப்பகத்தோடு பேச்சு நடந்துகொண்டிருந்தது, அச்சான அந்தச் சின்னப் புத்தகமே பேச்சுக்கு மாதிரிப் பிரதியாக ஆனது. வார்ன் பதிப்பகத்தார் படங்கள் முழுக்க வண்ணத்தில் வேண்டும் என்றார்கள், எண்ணிக்கையை முப்பது சொச்சமாகக் குறைக்கச் சொன்னார்கள். பாட்டருக்கு முதலில் விருப்பமில்லை. வண்ணம் விலையை ஏற்றும், தவிர முயலின் பழுப்பும் செடியின் பச்சையும் தவிர அதில் வேறென்ன வண்ணம் இருக்கிறது என்று நினைத்தார். பிறகு ஒப்புக்கொண்டு எல்லாவற்றையும் மறுபடி வரைந்தார். 1902 அக்டோபரில் வந்த பதிப்பு 8,000 பிரதி, வெளியாவதற்கு முன்பே முன்பதிவில் தீர்ந்தது. அந்த வருடம் முடியும்போது அச்சான பிரதிகள் 28,000. ஆக, அவருடைய பிடிவாதமும் வென்றது, பதிப்பாளரின் யோசனையும் வென்றது. அளவிலும் விலையிலும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை, வண்ணத்திலும் எண்ணிக்கையிலும் விட்டுக்கொடுத்தார்.

அந்த வண்ணத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் என்னால் போக முடியாது. எட்மண்ட் எவன்ஸ் அச்சகத்தில், ஹென்ட்ஷல் முறை என்ற மூவண்ண முறையில் அடித்தார்கள். நீர்வண்ணப் படத்தை மூன்று வடிகட்டிகள் வழியாகத் தனித்தனியே போட்டோ எடுத்து, மஞ்சளுக்கு ஒரு பிளாக், சிவப்புக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று செய்து, ஒன்றன் மேல் ஒன்றாக அடிப்பது. நாம் இன்று போடுகிற நான்காவது கறுப்பு படத்தில் கிடையாது. அதனால்தான் அந்தப் பழைய அச்சில் நிழல்கள் அழுக்காகத் தெரியாமல் மெல்லிசாக இருக்கும். ஆனால் மூன்றில் ஒன்று மயிரிழை விலகினாலும் முயலின் மீசை இரண்டாகத் தெரியும். வழவழப்பான பூச்சுத் தாளும் வேண்டும், அந்தத் தாள் விலை அதிகம். படங்களைக் குறைக்கச் சொன்னதன் காரணம் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. 1903-ல் அட்டைக்கு உட்புறத் தாள்களிலும் வண்ணப்படம் போட முடிவானபோது இடத்துக்காக நான்கு படங்கள் உள்ளேயிருந்து கழிந்தன. அதில் ஒன்று, அப்பா முயலை உள்ளே வைத்து மாவால் மூடிச் சுட்ட பண்டத்தை (ஆங்கிலத்தில் pie) தோட்டக்காரர் மெக்ரெகரின் மனைவி பரிமாறும் படம். அந்தப் படம் போனாலும் வரி போகவில்லை: உங்கள் அப்பாவை அந்தப் பண்டத்துக்குள் வைத்துவிட்டார்கள் என்று அம்மா முயல் கதையின் தொடக்கத்திலேயே பிள்ளைகளிடம் சாதாரணமாகச் சொல்கிறாள். உங்கள் கதையில் பாட்டி குரங்கை விளக்குமாற்றால் அடிக்கிற காட்சி பிள்ளைகளுக்கு ஆகாதோ என்று தயங்கியிருக்கிறீர்கள். எடுக்க வேண்டாம், இருக்கட்டும்.

உரிமை விஷயத்தில் பாட்டரிடம் நல்ல பாடமும் உண்டு, கசப்பான பாடமும் உண்டு. அமெரிக்காவில் காப்புரிமையைப் பதிவு செய்யாமல் வார்ன் பதிப்பகம் விட்டுவிட்டது, அங்கே அனுமதியில்லாத பதிப்புகள் கிளம்பின, அவருக்கு ஒரு காசு வரவில்லை. அதிலிருந்து விழித்துக்கொண்டார். 1903 டிசம்பரிலேயே முயல் பொம்மை ஒன்றைத் தானே தைத்து லண்டனில் பதிவு செய்தார். தொடர்ந்து பலகை விளையாட்டு, சுவர்த்தாள் என்று ஒவ்வொன்றையும் தன் கையால் வடிவமைத்தோ தான் ஒப்புக்கொண்ட பிறகோதான் வெளியே விட்டார். கதாபாத்திரத்தைப் பொருளாக்கி விற்பதை முதலில் முறையாகச் செய்தவர்களில் அவர் ஒருவர். ஆனால் அவருக்கே ராயல்டி வருடக்கணக்கில் தாமதமாக வந்தது. 1917-ல் நிறுவனத்தை நடத்திவந்த ஹெரால்ட் வார்ன் கள்ளக் கையெழுத்துக் குற்றத்தில் சிறைக்குப் போனார், நிறுவனம் மூழ்கும் நிலை. பாட்டர் விலகிப் போகவில்லை, புதுப் புத்தகங்கள் கொடுத்து அதைக் கரையேற்ற உதவினார். நட்பு ஒரு காரணம், தன் புத்தகங்கள் அங்கே இருந்தது இன்னொரு காரணம்.

நட்பு என்றேனே, அந்த வீட்டில்தான் அவர் மனம் இருந்தது. அவருடைய புத்தகங்களைக் கவனித்துக்கொண்ட நார்மன் வார்ன் 1905 ஜூலையில் திருமணம் கேட்டார். வியாபாரக் குடும்பம் என்று பெற்றோர் எதிர்த்தார்கள், 39 வயதுப் பெண்ணிடம். ஒரே மாதத்தில், ஆகஸ்ட் 25-ல், நார்மன் ரத்தப் புற்றுநோயில் இறந்துபோனார். அந்த வருடமே பாட்டர் புத்தக வருமானத்தோடு அத்தை விட்டுப்போன பணத்தையும் சேர்த்து, வட இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் நியர் சாரி என்ற ஊரில் ஹில் டாப் பண்ணையை வாங்கினார். அடுத்த எட்டு வருடத்தில் வந்தவைதான் அவருடைய மிகச் சிறந்த புத்தகங்களில் பல. அந்த வீட்டுப் படிக்கட்டும் சமையலறை அலமாரியும் தோட்டத்து வாசலும் ஊர்க் கடையும் அப்படியே படத்தில் இருக்கின்றன. 1913 அக்டோபர் 15-ல் உள்ளூர் வழக்கறிஞர் வில்லியம் ஹீலிஸைத் திருமணம் செய்துகொண்டார்.

எழுத்தை விட்டுவிட்டு ஆடு வளர்க்கப் போனார் என்பது பாதி சரி. திருமணத்துக்குப் பிறகு புத்தகங்கள் குறைந்தன, கண்பார்வையும் மங்கியது. ஆனால் 1918-லும் 1930-லும் கூடப் புதியவை வந்தன. பண்ணையும் பொழுதுபோக்கு அல்ல. ஹெர்ட்விக் என்ற மலைநாட்டு ஆட்டினத்தைக் காப்பாற்றியவர்களில் அவர் முக்கியமானவர், 1943-ல் அந்த ஆடு வளர்ப்போர் சங்கத்துக்குத் தலைவராகத் தேர்வானார், பொறுப்பேற்கும் முன்பே டிசம்பர் 22-ல் இறந்தார். 4,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தையும் பண்ணைகளையும் நிலங்களையும் பழைய கட்டடங்களையும் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்கு எழுதிவைத்தார். முயல் சம்பாதித்த பணம் மலைகளாக மிச்சமிருக்கிறது.

இணையத்தில் சுற்றும் இன்னொரு கதையை நம்ப வேண்டாம். அவர் பெரிய விஞ்ஞானி, காளான் ஆராய்ச்சியை ஆண்கள் திருடி விரட்டியதால்தான் முயல் வரையப் போனார் என்பார்கள். அவர் காளான்களை நூற்றுக்கணக்கில் துல்லியமாக வரைந்ததும், வித்து முளைப்பதைப் பற்றி எழுதிய கட்டுரை 1897 ஏப்ரல் 1-ல் லண்டனின் இயற்கையியல் அமைப்பான லின்னேயன் சங்கத்தில் வைக்கப்பட்டதும், பெண் என்பதால் அவர் அங்கே போக முடியாமல் கியூ தாவரவியல் தோட்டத்து ஜார்ஜ் மாஸி எடுத்துப் போனதும் உண்மை. கட்டுரை பிறகு திரும்பப் பெறப்பட்டது. ஆனால் முயல் கடிதத்தின் தேதியைப் பாருங்கள், 1893. ஒரு கதவு மூடி இன்னொன்றுக்குப் போனவர் இல்லை, இரண்டையும் ஒரே காலத்தில் செய்துகொண்டிருந்தவர். திருட்டு என்ற பேச்சுக்கு நான் படித்த எதிலும் ஆதாரம் இல்லை. தாவரவியல் என் துறை அல்ல, கட்டுரையின் தரத்தைப் பற்றி நான் பேச மாட்டேன்.

இனி உங்கள் குரங்குக்கு வருவோம். ஏன் ஆயிரம் வேண்டாம் என்றால், பாட்டர் காலத்தில் குறைவாக அடித்தால் ஒரு பிரதிக்கு விலை ஏறும், அவர் அதைத் தாங்கிக்கொண்டுதான் 250 அடித்தார். இன்று டிஜிட்டல் அச்சில் ஐம்பது அடித்தாலும் ஒன்றின் விலை பெரிதாக ஏறாது. ஆயிரம் அடித்தால்தான் மலிவு என்பது பிளேட் போட்டு அடிக்கும் ஆஃப்செட் அச்சின் கணக்கு, உங்களுக்கு இப்போது அது பொருந்தாது. தமிழ் படிக்கும் பிள்ளைகள் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் வெருலத்திலும் சிதறி இருக்கிறார்கள், புத்தகக் கடை வழியாக அவர்களை எட்ட முடியாது, பள்ளி பள்ளியாகத்தான் போக வேண்டும். ஐம்பது அடியுங்கள். வகுப்பில் படிக்க விட்டுப் பிள்ளைகள் எங்கே பக்கத்தைப் புரட்ட அவசரப்படுகிறார்கள், எங்கே கவனம் சிதறுகிறது என்று பாருங்கள். திருத்தி அடுத்த ஐம்பது அடியுங்கள்.

நாற்பது படத்தையும் குறைக்க வேண்டும். படப் புத்தகம் பெரும்பாலும் 32 பக்கம், பதினாறு பக்கம் அடங்கும்படி மடிக்கும் தாள், அதாவது பாரம், இரண்டு. தலைப்பு, உரிமைப் பக்கம் போக உங்களுக்கு இருபத்தெட்டு பக்கம் போலத்தான் மிஞ்சும். முதலில் வெறும் தாளை மடித்துத் தைத்து ஒரு டம்மி செய்யுங்கள், பென்சில் படத்தை ஒட்டி, வரியைக் கையால் எழுதுங்கள். பாட்டரும் இப்படித்தான் செய்தார். அப்போது எந்த வரி வீண் என்று தானாகத் தெரியும். நீங்கள் அனுப்பிய பக்கத்தில் "குரங்கு வாழைப்பழச் சீப்பை எடுத்துக்கொண்டு ஜன்னல் வழியாக வெளியே ஓடிப்போய்விட்டது" என்று இருக்கிறது. ஆறு வயதுப் பிள்ளைக்கு ஏற்ற பெரிய எழுத்தில் போட்டால் தமிழ்ச் சொற்கள் வரியை உடைத்துக்கொண்டு ஐந்து வரி ஆகும். ஜன்னலும் ஓட்டமும் படத்தில்தான் இருக்கின்றனவே. "பழம் எங்கே, பாட்டி?" என்று பிள்ளை கேட்டால் போதும், குரங்கைப் படத்தில் அவர்களே கண்டுபிடித்துக் கத்துவார்கள்.

எழுதியவரே வரையக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. பதிப்பகத்தார் அப்படிச் சொல்வது வழக்கம்தான், இரண்டு வேலையும் ஒருவருக்கு ஒன்றுபோல வருவது அபூர்வம் என்பதால். ஆனால் நம் நாட்டிலேயே கேப் டவுனில் 1946-ல் பிறந்த நிக்கி டேலி இருக்கிறார். நிறவெறி ஆட்சி நடந்துகொண்டிருந்த 1985-ல், கறுப்பினப் பையன் ஒருவன் பாட்டியோடு நகரத்துக்குப் போய்ச் சிவப்பு டெக்கி என்ற கேன்வாஸ் காலணி வாங்கி வரும் ஒரு சாதாரண நாளை எழுதி வரைந்தார். நம் பிள்ளைகள் பாடப் புத்தகத்தில் இங்கிலாந்து முயலைப் பார்த்து வளர்ந்தார்கள். தன் வீட்டுக் கூரையில் தாவும் குரங்கையும், விடியற்காலையில் கத்தும் ஹடீடாப் பறவையையும், பாட்டி வேகவைக்கும் மடும்பிக் கிழங்கையும் தமிழ் எழுத்தோடு பார்த்தது எத்தனை பேர்? உங்கள் கதையின் பலம் அங்கே இருக்கிறது. அதனால்தான் படத்தை வேறு ஆளிடம் கொடுக்காதீர்கள் என்கிறேன்.

அச்சகத்தில் இரண்டு விஷயத்தில் கறாராக இருங்கள். டர்பனில் தமிழ் தெரியாத கைகள்தான் உங்கள் கோப்பைத் திறக்கும். வேர்ட் கோப்பைக் கொடுத்தால் கொம்பும் காலும் பிரிந்து, கோழியின் இரட்டைக்கொம்பு ஒரு வரியிலும் மீதி அடுத்த வரியிலும் நிற்கும், அவர்களுக்குத் தப்பென்றே தெரியாது. எழுத்துருவை உட்பொதித்த பி.டி.எஃப். மட்டும் கொடுங்கள். தாளில் அடித்த புரூஃபை வாங்கி கொ, கோ, கௌ வரும் ஒவ்வொரு சொல்லையும் விரல் வைத்துப் பாருங்கள். இரண்டாவது, எழுத்தைப் படத்தோடு சேர்த்து வரையாதீர்கள். எழுத்து முழுக்கக் கறுப்பில், தனி அடுக்கில் இருக்கட்டும். நாளைக்கு ஜூலுவிலோ ஆங்கிலத்திலோ ஆஃப்செட்டில் பதிப்பு போட நேர்ந்தால் கறுப்பு பிளேட்டை மட்டும் மாற்றினால் போதும், மூன்று வண்ணமும் அப்படியே ஓடும். பதிப்பகம் மறுபடி ஆங்கிலம் கேட்டால், தமிழ் உரிமையையும் படங்களின் உரிமையையும் உங்களிடம் வைத்துக்கொண்டு ஆங்கிலத்தை மட்டும் கொடுக்கலாம். கையெழுத்துப் போடும் முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள், இதில் என் சொல் போதாது.

காப்புரிமைக்குப் பதிவு தேவையில்லை, எழுதி வரைந்ததுமே அது உங்களுடையது. ஐ.எஸ்.பி.என். எண் தேசிய நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கும், சட்டப்படி நூலகங்களுக்குக் கொடுக்க வேண்டிய பிரதிகளையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வகுப்புக்கு இப்போதே கதைகள் வேண்டுமானால் 2014-ல் கேப் டவுனில் தொடங்கிய புக் டேஷ் அமைப்பின் புத்தகங்களைப் பாருங்கள். எழுத்தாளர், ஓவியர், வடிவமைப்பாளர் சேர்ந்து ஒரே நாளில் செய்பவை, பெயர் குறிப்பிட்டு யாரும் மொழிபெயர்த்து அச்சடிக்கலாம். டம்மியைத் தைத்து முடித்ததும் பக்கங்களைப் படம் எடுத்து இங்கே போடுங்கள், ஓரம் போதுமா, எழுத்து உடைகிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.